கறிவேப்பிலைக்கு எந்த மாதம்

"அப்ப கறிவேப்பிலைக் கண்டை எந்த மாதம் வெளியிலை வைக்கிறது?"

ஆற்றைக் கடந்து லொங்கேய் போகும் மெட்ரோவில் என் முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார். கணவர் கையில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மாதாந்தச் சராசரி வெப்பநிலை அச்சடித்த தாள் இருந்தது. அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் அவருக்கு வேலை வந்திருக்கிறதாம்.

"இதைப் பாருமன். தை மாதம் மைனஸ் நாலு. இஞ்சை மைனஸ் பத்து. அங்கை குளிர் குறைவு."

"நான் குளிரைக் கேக்கேல்லை. வைகாசி எவ்வளவு?"

"ஆறு."

"ஆனி?"

"பதினொண்டு."

"ஆடி?"

"பதினைஞ்சு. நல்ல காத்து."

"பகலும் இரவும் சேத்துத்தானே பதினைஞ்சு. இரவிலை கண்டு விறைச்சுப் போயிடும். இஞ்சையெண்டா மூண்டு மாதமாவது பல்கனியிலை நிக்குது. ஒன்பது வருசமா சாடியைத் தூக்கி வெளியிலை வைச்சு, பேந்து தூக்கி உள்ளுக்கை வைக்கிறன்."

கணவர் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"வெளியிலை வைக்கத் தேவையில்லை. குசினி யன்னல் பெரிசு, தெற்குப் பக்கம். நாள் முழுக்க வெயில் விழும்."

"எந்தக் குசினி?"

கணவர் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தார். ஆற்றுக்கு அடியில் ஓடும் சுரங்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

"வீடும் எடுத்திட்டியளோ?"

கடைசி நிலையம் வந்து கதவு திறந்தது. எல்லாரும் இறங்கினோம். அவர்கள் இருவரும் எழும்பவில்லை.