ஆனிமேரிக்குப் பழக்கிய சொல்

எங்கள் சமயநல்லூர் வீட்டில் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். இருந்தாலும் ஆனிமேரியின் கரண்ட் கருவிப் பஞ்சை நனைக்க மருந்துக்கடை சலைன்தான் வாங்குவேன். சொட்டச் சொட்ட வைத்தால் கழுத்தில் வழியும், ஆனிமேரிக்குப் பிடிக்காது. பிழிந்து, தலைப்பட்டைக்குள் செருகி, இடது காதுக்கு மேலே பொருத்த வேண்டும். லேசான கரண்ட்தான். எறும்பு ஊர்வதுபோல இருக்கும். என் தலையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பக்கவாதத்தில் என் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வது புரியும். பதில் வாயில் வராது. மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த முத்துமீனா மூளையைத் தூண்டும் இந்தக் கருவியை வீட்டுக்கே கொடுத்து, குடும்பப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லப் பழக்கச் சொன்னார்.

“வயசானவுங்க மூளை மெதுவாத்தான் இளகும் சார். கரண்ட் ஓடுறப்பக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அந்நேரம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்றாங்களோ அது தங்கிரும். தப்பாச் சொன்னா விட்றாதீங்க, தப்பும் தங்கிரும்.” பிறகு சிரித்தார். “வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் போயி நான் சொல்றேன் பாருங்க.”

மிஷன் பள்ளியில் ஓய்வு பெறும்வரை கணக்கு எடுத்தவன் நான். பழக்குவது எனக்குத் தெரியும்.

முதலில் அவள் வாயில் வந்தது மகளின் பெயர். “ஆ... ஆஷ்லின்.” அடுத்து என் படத்தைக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்தாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஓசூரிலிருந்து ஆஷ்லின் பேசினாள். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். “கிறிஸ்மஸுக்கு வாரேம்ப்பா. எங்கூட வாரேன்னு அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், கூட்டிட்டுப் போயிருவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள மிரட்டுற மாதிரி அவுங்கள மிரட்டுனது போதும்.”

பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள். பக்கவாதத்தில் விழுந்த அன்றும் ஆனிமேரி மகளிடம் போகத்தான் பை கட்டி வைத்திருந்தாள். அதற்குமுன் எங்களுக்குள் நடந்த பேச்சு இங்கே தேவையில்லை. சேலைகளை நான்தான் பீரோவில் திரும்ப அடுக்கினேன். வேலைக்குப் போகும் மகள் அவளை என்னைப்போலப் பார்த்துக்கொள்வாளா?

மறுநாள் முதல் திருத்தத் தொடங்கினேன். மகளின் படத்தைக் காட்டி, “யார் இது?” என்பேன்.

“ஆஷ்லின்.”

“இல்லை. தெரியாது. சொல்லு, தெரியாது.”

சொல்லமாட்டாள். சொல்லும்வரை பட்டையைக் கழற்றமாட்டேன். கருவி தானாக நின்றால் மறுபடி போடுவேன். அவள் பிடிவாதத்தால்தான் பஞ்சு காய்ந்தது. காய்ந்த பஞ்சில் கரண்ட் சுட்டு, காதுக்கு மேலே உள்ள புண் அப்படி வந்தது. நான் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை.

வயதான மூளையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள், படத்தைத் தூக்கியதுமே “தெரியாது” என்றாள். இந்த வயதில் சிலருக்கு ஞாபகம் நழுவும் என்றார் டாக்டர். தலையசைத்தேன்.

கிறிஸ்மஸுக்கு ஆஷ்லின் வந்தாள். முத்துமீனாவும் பார்க்க வந்திருந்தார். ஆஷ்லின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, “அம்மா, நான் யாரும்மா?” என்றாள். “தெரியாது.” சுத்தமான உச்சரிப்பு. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில்.

ஆஷ்லின் எழப் பார்த்தாள், முடியவில்லை. ஆனிமேரியின் இடது கை அவள் துப்பட்டாவை இறுகப் பிடித்திருந்தது. கண்ணீர் வழிய வழிய, “தெரியாது, தெரியாது” என்றபடியே பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். முத்துமீனா அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. மகளை நன்றாகத் தெரிந்தும், தெரியாது என்ற சொல் மட்டுமே வாயில் வரும்படி அவளைப் பழக்கியவன் நான்தான்.

ஆனால் இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை, எப்போதும் ‘ஏங்க’தான். பயிற்சியின் கடைசி நாட்களில் நான் என் படத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்டையைக் கையில் எடுத்தாலே போதும், “ஜேசுராஜ், ஜேசுராஜ்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பாசம் இல்லாமல் அப்படி வருமா?