பீரோவை நகர்த்தலாமா?

“ஹலோ... ஹலோ, நான்தான் பேசறேன்... யாரு, சகலையா? நீங்க எடுத்துட்டீங்களா... நல்லா இருக்கேன் சகல, நல்லா இருக்கேன்... சரி சரி... அவ பக்கத்துல இல்லியா?... ஐயோ, சண்டைக்கெல்லாம் இல்ல. ஒரு பீரோ விஷயமா... பீரோ சகல, பீரோ! துணி வைக்கிற பீரோ!”

ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினான். மனைவி கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. இதுவரை மூன்று முறை அழைத்துப் பார்த்தான். மூன்று முறையும் போனை எடுத்தது அக்கா புருஷன்தான்; மூன்று முறையும் அவள் குளித்துக்கொண்டிருந்தாளாம். இன்றைக்குத்தான் பேசுவதற்கு உருப்படியாக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அந்தக் காரணம் ஆறரை அடி உயரத்தில், கதவில் ஆளுயரக் கண்ணாடியோடு ஹாலில் நின்றது. அதன் பக்கத்தில் கருவிப் பையோடு நின்ற நெட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு அவர் வேறொரு வீட்டில் இருக்கவேண்டும்.

“ஹலோ?... ம், நான்தான்... சாப்பிட்டேன்... சாப்பிட்டேன்னு சொல்றேன்ல... சரி, அத விடு. வீட்டுக்கு நெட்காரர் வந்திருக்காரு. ஆபீஸ் ரூம்ல சிக்னலே நிக்க மாட்டேங்குது. ஒரு கோடு வருது, அதுவும் வந்து வந்து போகுது... ஆமா, ரவுட்டர ரெண்டு தடவ மாத்தியாச்சு... இல்ல, நிஜமாத்தான்! இதுக்குப் போய் பொய் சொல்வேனா?... கேளு. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சாரு. ரவுட்டர் ஹால் மூலையில இருக்கா? அதுக்கும் ரூமுக்கும் நடுவுல உன் பீரோ நிக்குதா? முழுக்க இரும்பு, போதாக்குறைக்குக் கண்ணாடி வேற. அதத் தாண்டி சிக்னல் போகலியாம். பீரோவ நகர்த்தினா ரூம் பூரா முழுக் கோடும் நிக்குமாம்... ஐயோ, உன் பீரோதான் காரணம்னு நான் சொல்லல! அவருதான் சொன்னாரு... சரி, அவரும் உன் பீரோன்னு சொல்லல. இரும்புன்னுதான் சொன்னாரு.”

பழி தன் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போனதை நெட்காரர் கவனித்தார். அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் நகர்ந்துவிடுகிற பீரோவுக்கு இந்த மனிதர் யாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்?

அவளுடைய துணிமணி, சான்றிதழ்கள், சின்ன வயதுப் போட்டோக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது இந்த வீட்டில் நிற்கிற வரைக்கும் அவள் திரும்பி வருவாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தான். நகர்த்தலாமா என்று கேட்கப் போய், நகர்த்துவானேன், வண்டியில் ஏற்றி இங்கேயே அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டால்?

“அதான்... நகர்த்தலாமான்னு கேக்கத்தான்... இல்ல இல்ல, தூக்கியெல்லாம் போட மாட்டேன். ஒரு நாலடி தள்ளி... என்னது?... வண்டியா? எதுக்கு வண்டி?... ஓ, சகலை வண்டிய வழியில நிறுத்திட்டாரா. அவர்கிட்ட சொன்னியா... சரி சரி. எனக்கு ஒண்ணும் இல்ல. நடந்துகிட்டே பேசறேன்ல, மூச்சு வாங்குது... என்ன?... முன்னாடி எங்க இருந்துச்சா?... ரூம்லதான். ஆமா, நான்தான் ஹாலுக்குத் தள்ளினேன்... உன்னக் கேட்டுட்டுத்தானே... சரி, கேக்கல. மேசை வந்துச்சு, பெரிய ஸ்க்ரீன் வந்துச்சு, எடம் பத்தல... ஆமா, கதவையும் சாத்திக்கிட்டேன்... விரலா? எந்த விரல்?”

எந்த விரல் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். நெட்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவரைப் பொறுக்கச் சொல்லி அந்த ஆள்காட்டி விரல் இப்போதும் தானாக மேலே எழுந்து நின்றது. மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் வா என்று ஒன்றரை வருஷமாக அவளுக்குக் காட்டிய விரல். உடம்பு கொதிக்கிறது என்று சொல்ல வந்து கதவோரம் நின்றவளுக்கும் அதையேதான் காட்டினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. விரலை மடக்கிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“தப்புதான்... தப்புதான்ங்கறேன்ல... இல்ல, சிக்னலுக்காகச் சொல்லல. சிக்னல் கெடக்குது விடு. அவரு கிளம்பினா கிளம்பட்டும்... அண்ணே, அண்ணே, கிளம்பிடாதீங்கண்ணே, ஒரே நிமிஷம்!... உன்ன இல்ல, அவர... ம், சொல்லு... வேலையா? உனக்கா? எப்ப?... சொல்லவே இல்லியே... ஆமா, நான் கேக்கலதான்... டாக்டருங்க பேசி அனுப்பறதக் கேட்டு டைப் பண்ணணுமா... வீட்லேர்ந்தேவா... நல்ல நெட் வேணுமா. அங்க வருதா?... அக்கா பசங்க கேம் ஆடியே இழுத்துடறாங்களா... அப்ப எங்க உக்காந்து செய்வ?... இரு, இரு. நீ எந்த வீட்டச் சொல்ற?”

அவன் நடை நின்றுபோனது.

“...ம். சொல்லு, கேக்கறேன்... பீரோ பழைய எடத்துக்கே போகணும். சரி... அண்ணே, ரூமோட அந்தக் கடைசிச் சுவத்துல வச்சா மறைக்காதுல்ல?... மறைக்காதாம்... உன் மேசை ஜன்னலோரமா. சரி... கதவையா? தாராளமா சாத்திக்கோ... அப்ப நான்?... பின் ரூமா! சமையலறையத் தாண்டியா? அங்க அரைக் கோடு கூட வராதே! நான் கட்டட ப்ளான் போட்டு அனுப்பறவன்மா, ஒவ்வொண்ணும் மலையாட்டம் இருக்கும், அங்க உக்காந்தா ஒண்ணு போய்ச் சேர்றதுக்குள்ள...”

அவள் பதில் பேசவில்லை. விரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற போதெல்லாம் இப்படித்தான் ஒன்றும் பேசாமல் போவாள். அன்றைக்குத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது காதில் விழுந்ததில்லை. இன்றைக்கு வீடு பூரா அதுதான் கேட்டது.

“ஹலோ... இருக்கியா?... சரிம்மா. நான் பின் ரூமுக்குப் போறேன்... மனசாரத்தான் சொல்றேன். ப்ளான் போகலன்னா வாசப்படியில உக்காந்து அனுப்பிக்கறேன்... ஆமா, ஆமா... எப்ப வர?... வெள்ளிக்கிழமையா? இந்த வெள்ளியா!... நான் வந்து கூட்டிட்டு... வேணாமா? சரி, சகலையே கொண்டாந்து விடட்டும்... இரும்மா, வச்சுடாத. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இந்த நாப்பத்தோரு நாளா இந்த வீட்ல நான்... என்னது?... மீட்டிங்கா? இப்பவா?... ஓ... சரி சரி, நீ பாரு. நான் அப்புறமா...”

அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.