பனிக்குள் கார் ஓட்டிய துரை

2025 ஜனவரி 29, புதன்கிழமை காலை 11 மணிக்கு, தலைமைக் காவலர் மாரிசெல்வி கேட்கக் கேட்க நான் சொல்லி, அவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர் கேத்ரின், வயது 19, த/பெ தேவஇரக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில்வே ஸ்டேஷன் சாலையில் மாவு மில்லுக்குப் பின் சந்தில், கதவு எண் 14/3-ல் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் தகப்பனார் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். என் தாயார் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை செய்கிறார். அங்க அடையாளம் கேட்டார்கள், வலது முழங்கையில் ஒரு மச்சம் உண்டு, இடது கன்னத்தில் இருந்தது கிரீஸ், அழித்துக் காட்டினேன். என் மீது முன் வழக்கு எதுவும் கிடையாது. முன் புகார்கள் உண்டு.

சம்பவத்தில் சம்பந்தப்பட்ட கார் 1974-ஆம் வருடத்து ஃபியட் 124 ஸ்பைடர், வெளிர்நீல நிறம், மேற்கூரையை மடித்துத் திறக்கலாம், ஸ்டியரிங் இடது பக்கம். இராஜபாளையத்தில் மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையின் பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் அது முப்பது வருடமாக நின்றிருந்தது. கல்லூரிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் ஏற்றிப் போன என் தகப்பனார் தார்ப்பாயின் கிழிசல் வழியாக ஒரு வட்ட விளக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்து, அன்று இரவு சாப்பிடும்போது, "அறுபது சீட்டு ஓட்டியாச்சு, இனி ரெண்டு சீட்டு போதும்" என்று சொன்னார். நாங்கள் அதை வேதாந்தம் என்று நினைத்துக்கொண்டோம். கார் என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு 2023 ஆவணி மாதத்தில், ஆலையின் பழைய முதலாளி மகள் சத்யப்பிரியா என்பவரிடம் முறைப்படி வாங்கினோம். விலை விவரம் ரசீதில் உள்ளது. மழைக்குள் கட்டி இழுத்து வந்தோம். கார்காலத்தில் கார் என்று நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. ஸ்பைடர் என்ற பெயருக்கு ஏற்றபடி உள்ளே எட்டுக்கால் பூச்சிகளும், வலது பக்க இருக்கையில் ஒரு வெள்ளை இராஜபாளையம் நாயும் குடியிருந்தன. அந்த நாய் குட்டியிலிருந்து அந்த இருக்கையில்தான் படுக்கும் என்றும், இறக்கினால் ராத்திரி முழுக்க ஊளையிடும் என்றும் சத்யப்பிரியா அக்கா சொல்லி, "காரோட துரையையும் எடுத்துக்கோங்க. அவனுக்குத் தெலுங்கு மட்டும்தான் புரியும்" என்றார். துரை என்பது நாயின் பெயர். "வா" என்றால் வராது, "ரா" என்றால் வரும். காரை விட்டு இறங்கச் சொன்னால் எந்த மொழியும் அதற்குப் புரியாது.

அதன் பிறகு பதினாறு மாதம் நானும் என் தகப்பனாரும் அந்தக் காரைப் பழுது பார்த்தோம். ஃபியட் சாயலில் நம் நாட்டில் செய்த பழைய 118 என்.இ. காரின் முன்பக்கப் பிரேக் சாமான்கள் இதற்குப் பொருந்தும் என்று கண்டுபிடித்து, மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்தோம். எஞ்சினின் பல் பெல்ட்டை ஊரில் மில் சாமான் விற்கும் கடையில் பல் எண்ணி வாங்கினோம். என் தாயார் கொண்டுவரும் கழிவுப் பேண்டேஜ் துணியில்தான் பெட்ரோலை வடிகட்டினோம், துருவைத் துடைத்தோம், ஒழுகும் குழாய்க்குக் கட்டுப் போட்டோம். கார் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோலவே இருந்தது. கீறல்களுக்கு மேல் பெயிண்ட் அடிக்கலாம் என்று நான் கேட்டதற்கு என் தகப்பனார், "இது காட்சிக்கு வைக்க இல்லட்டி, ஓட்ட" என்று சொல்லிவிட்டார்.

2024 டிசம்பர் 8-ஆம் தேதி மாலையில் எஞ்சின் எழுந்தது. முதலில் இருமல், அதன் பிறகு புகை, அதன் பிறகு ஒரு சத்தம். அதை எப்படி எழுதுவது என்று தலைமைக் காவலர் அக்கா கேட்டார்கள். பக்கத்து வீட்டில் யாரோ மெதுவாகப் பாடுகிற மாதிரி என்று எழுதச் சொன்னேன். என் தகப்பனார் அணைக்கவே இல்லை. பெட்ரோல் தீரும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு தகுதிச் சான்று புதுப்பித்து, காப்பீடு எடுத்து, இடது பக்க ஸ்டியரிங் வண்டி என்று பின்னால் சிவப்பில் நானே எழுதினேன். எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு, நகல் இணைத்துள்ளேன்.

கார் இரண்டு பேருக்கானது, அதில் ஒரு பேர் துரை. ஆகையால் நானும் என் தகப்பனாரும் சேர்ந்து அதில் போனதே இல்லை. அவர் ஞாயிறு மாலையில் ஓட்டுவார், நான் சனி காலையில் ஓட்டுவேன்.

முதல் சனிக்கிழமையே ஒன்றைக் கவனித்தேன். எதிரில் வருகிற எல்லோரும் வலது இருக்கையைத்தான் பார்க்கிறார்கள், ஓட்டுகிறவர் அங்கேதான் இருப்பார் என்று. அங்கே துரை நிமிர்ந்து உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைக் கண்ட பிறகு சும்மா இருப்பது என்னால் ஆகவில்லை. துரைக்கு என் தகப்பனாரின் பழைய கறுப்புக் கண்ணாடியைப் பேண்டேஜ் துணியால் கட்டிவிட்டேன். நான் இருக்கையில் சரிந்து, ஸ்டியரிங் வளையத்தின் இடைவெளி வழியாகச் சாலையைப் பார்த்தபடி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். கிருஷ்ணன்கோவில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற மாணவர்கள் செல்போனை எடுப்பதற்குள் போய்விட்டேன். ஒருவன் துரைக்கு சல்யூட் அடித்தான். இவ்வாறு மூன்று சனிக்கிழமை செய்தேன்.

2025 ஜனவரி 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பி, கூரையைத் திறந்து வைத்து, வத்திராயிருப்பு தாண்டிக் கான்சாபுரம் சாலையில் போனேன். நல்ல பனி. மலை இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. தென்னைகளுக்குக் கீழ்ப்பாதி இல்லை. காருக்கும் சக்கரம் இருப்பதாகத் தெரியவில்லை, தண்ணீர்மேல் போவதுபோல இருந்தது. துரையின் காது இரண்டும் பின்னால் படிந்து, அதற்குக் கட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியில் பனி முத்து முத்தாக நின்றது. நான் அன்று சிரிப்புக்காகச் சரிந்து உட்காரவில்லை, ஆனால் சரிந்து உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் வானமும் துரையும் மட்டும் தெரியும், யாருமே ஓட்டாமல் கார் தானாகப் போகிற மாதிரி எனக்கே தோன்றும்.

ஆறே முக்காலுக்கு, ஊருக்குள் சாலை பிரியும் கான்சாபுரம் விலக்குக்கு முன்னால் கண்மாய்க்கரை வளைவில், எதிரே ஒரு பெரியவர் மொபெட்டில் தேங்காய் மூட்டையோடு வந்தார். துரையைப் பார்த்தார். அதன் பிறகு சாலையைப் பார்க்கவில்லை. மொபெட் ஓரம் சரிந்து வயலுக்குள் இறங்கியது. நான் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் சேற்றிலிருந்து எழுந்து நின்றார். எழுந்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நின்றபடியே காரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தேன். பனி மூடிவிட்டது. நான் காரை நிறுத்தவில்லை.

அதன் பிறகு ஜனவரி 24-ஆம் தேதி டவுன் பஸ்ஸில் என் வகுப்புத் தோழன் ஜெபின் சொன்னான். அவன் சித்தப்பா வீடு கான்சாபுரத்தில் உள்ளது.

"ஏட்டி கேத்ரின், எங்க சித்தப்பா வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு கூத்து. வைகுண்டராஜ்னு ஒரு பெரியவரு. குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. போன வாரம் கையை ஒடிச்சுக்கிட்டு வந்து, வெள்ளை நாய் கார் ஓட்டிட்டுப் போச்சு, பைரவர்னு நினைச்சுக் கும்பிட்டேன்னு சொல்லுதாரு. ஊரே சிரிக்கி."

"அவரு வீட்டுல?"

"அந்த அத்தை அன்னிக்கே பையைத் தூக்கிட்டு வத்திராயிருப்புல அக்கா வீட்டுக்குப் போயிட்டாவ. பதினோரு வருஷமா என்னை ஏமாத்திட்டியளேன்னு ஒரே அழுகை. இவரு வாசல்ல உக்காந்து வாரவன் போறவன்கிட்ட எல்லாம், 'வேணும்னா வாயை மோந்து பாருடே'ங்காரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். கும்பிட்ட இரண்டு கையில் ஒன்று ஒடிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அன்று மாலை என் தகப்பனார் காருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது முழுவதும் சொன்னேன். அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"அவரு விழுந்ததைப் பாத்தியா?"

"எந்திரிச்சதையும் பாத்தேன்ப்பா."

"அதான் கேக்கேன். பாத்துட்டு எதுக்குட்டி நிக்கல?"

அதன் பிறகு அவர் வெளியே வந்து, கையைத் துடைத்து, "நாளைக்குக் காரோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். கார் இல்லாமச் சொன்னா உன் பேச்சை எவன் நம்புவான்?" என்றார். காரைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். "வைக்கட்டும்" என்றார். எண்ணெயை மாற்றி முடித்துவிட்டுத்தான் கை கழுவினார்.

25-ஆம் தேதி காலை காரோடு நிலையத்துக்கு வந்தோம். சார்பு ஆய்வாளர் பாண்டி அய்யா என் பெயரைக் கேட்டதுமே, போன வருடம் பாலிடெக்னிக் மைக்கில் முதல்வர் குரலில் விடுமுறை அறிவித்தது நான்தானே என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"நாய் ஓட்டுச்சுன்னு அவரு சொல்லுதாரு. குடிச்சிருக்காருன்னு ஊர் சொல்லுது. நாய் ஓட்டல, நான்தான் ஓட்டுனேன்னு நீ சொல்லுத. நீ என்னம்மா குடிச்ச?"

"டீ மட்டும்தான் அய்யா. அதுவும் பாதி."

அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வது இன்னொரு விளையாட்டா என்று தெரிய வேண்டும், வைகுண்டராஜின் மனைவியை வரவழைத்து அதே இடத்தில் செய்து காட்ட வேண்டும், அதுவரை கார் இங்கேயே நிற்கும் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். துரை இறங்க மறுத்ததால் அதுவும் நிலைய வளாகத்தில் காரிலேயே இருந்தது. என் தாயார் காலையும் மாலையும் சோறு கொண்டுவந்தார். அடுத்த மூன்று நாளும் பனி இல்லை. பனி இல்லாமல் காட்டினால் அந்த அம்மாள் நம்பமாட்டார் என்று நான் கேட்டுக்கொண்டதால் அய்யா காத்திருந்தார். காத்திருந்ததற்கு நன்றி.

இன்று பனி இறங்கியது. அய்யா சாவியைத் தந்து கூடவே வந்தார். ஆறரை மணிக்குக் கண்மாய்க்கரை வளைவில் வைகுண்டராஜ் பெரியப்பாவும் அவர் மனைவி மாரியாத்தாளும் வந்து நின்றார்கள். பெரியப்பாவின் இடது கையில் மாவுக்கட்டு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மொபெட் போகும் அளவுக்கு இடம் இருந்தது. என்ன காட்டப் போகிறோம் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் காரைத் தூரத்தில் திருப்பி, துரைக்குக் கண்ணாடி கட்டி, அன்று சரிந்ததுபோலவே சரிந்து, இருபதில் ஓட்டி வந்தேன்.

ஸ்டியரிங் இடைவெளி வழியாக அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் கை இரண்டும் தாமாகவே மார்புக்கு ஏறிக் கூடின. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கையை இறக்காமலே காரைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"ஏட்டி, அவிய விழும்போது சிரிச்சியா?"

"சிரிச்சேன் பெரியம்மா."

நான் இறங்கிப் போய்ப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பாண்டி அய்யா வண்டியை எடுக்கச் சொன்னார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அப்போது மாரியாத்தாள் தன் கணவர் பக்கத்தில், இடைவெளி இல்லாமல், போய் நின்று கொண்டு, "இந்தாங்க, அன்னிக்கு நீங்க சொல்லச் சொல்ல நான் பாதியிலே எந்திரிச்சுப் போயிட்டேன். மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

"இப்பத்தான் நீயே பாத்துட்டியே."

"நான் பாத்தது இருக்கட்டும். நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

அவர் அன்று காலை எழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். மூட்டையில் எத்தனை தேங்காய், மொபெட் எத்தனை மிதிக்கு எழுந்தது, பனியில் கண்மாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவளைச் சத்தத்தை வைத்து வந்தது, எல்லாம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் "ம்" கொட்டினார். வெளுப்புக்குள் ஒரு நீலம் வந்தது என்றார், "ம்" என்றார் அம்மாள். அய்யா இன்னொரு முறை வண்டியை எடுக்கச் சொன்னார். பெரியப்பாவின் பேச்சு, அவர் சேற்றிலிருந்து எழுந்து கும்பிட்ட இடத்துக்கு வந்து சேரும்வரை நான் எஞ்சினை எழுப்பவில்லை.

மேலே உள்ளதெல்லாம் நான் சொன்னது, எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டப்பட்டது, இதில் ஒரு வரிகூட விளையாட்டுக்குச் சொன்னது இல்லை.

(ஒப்பம்) தே. கேத்ரின்

என் முன்பாக,
(ஒப்பம்) மாரிசெல்வி, தலைமைக் காவலர்