பிளாஸ்டிக் பையில் ஒரு தோல்கோட்டு

கயோட்டி நரியைச் சுட எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டால், மொன்டானாவில் எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பதினேழு காலிபர்தான். குண்டு மிளகுப் பருமன் இருக்கும். முன்காலுக்குப் பின்னால் விலாவில் வைத்தால் ஊசிபோல உள்ளே போய், அங்கேயே பொடிந்துவிடும். மறுபக்கம் வெளியே வராது. தோலை உரித்த பிறகு துளையை விரலால் தடவித்தான் தேடவேண்டும். எலும்பில் பட்டால் மேலேயே சிதறி எல்லாம் பாழாகிவிடும் என்பதால் அவசரக்காரர்களுக்கு அது லாயக்கில்லை. நான் நிதானமானவன், ஷெரிஃப். நீங்களே அதை வைத்து என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

ஆர்விட் லுண்டே சுத்த அவசரக்காரன். இருபத்திரண்டு குளிர்காலம் சேர்ந்தே வேட்டைக்குப் போனோம். மான் சுடுகிற பெரிய துப்பாக்கியைத்தான் நரிக்கும் தூக்கிக்கொண்டு வருவான். ஒரு பக்கம் பொத்தல், மறுபக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கிழிசல். தோலைப் பலகையில் இழுத்து மாட்டும்போது உட்கார்ந்து தைப்பது நான், கதை சொல்லிச் சிரிக்கவைப்பது அவன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷமாக ஒரு கோட்டுக்காகத் தோல் சேர்த்தேன். வெளிறிய நிறம், பால்போல வயிறு, தோளில் வெள்ளி நுனி. நூறு நரியில் ஒன்று அப்படி அமையும். பத்துத் தோல் சேர்ந்துவிட்டது. கழுத்துப்பட்டைக்கு வேண்டிய பதினொன்றாவது நரியைக் கிழக்கு ஓடைப் பள்ளத்தில் இரண்டு வருஷமாகப் பார்த்து வைத்திருந்தேன். போன வருஷம் ஜனவரியில் ஒரு காலை, நரியை வரவழைக்க, அடிபட்ட முயல் கத்துவதுபோலக் குழலில் ஊதினேன். அது நூறு கஜத்தில் வந்து நின்றது. நான் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த ஆர்விட் சுட்டுவிட்டான். நரியின் கழுத்து இருந்த இடத்தில் கழுத்து இல்லை.

“எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நரிதான? ஊசி நூலு உங்கிட்ட இருக்கு, மிச்சத்தத் தச்சிக்கோ,” என்றான்.

நானும் சிரித்துவிட்டேன். சொன்னபடியே தைத்தேன், கழுத்துப்பட்டையில் மட்டும் பத்தொன்பது தையல். கோட்டை ஆர்விட்டின் அளவுக்கே வெட்டி, கிறிஸ்துமஸ் சமயம் சர்ச் விருந்தில், எல்லோரும் சில்லிக் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்றுகொண்டிருந்தபோது அவனுக்கே கொடுத்தேன். அவன் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. வேட்டைக்குப் போகும்போது, ஆள் என்று தூரத்திலேயே தெரிய, கோட்டுக்கு மேலே ஆரஞ்சுச் சட்டை போடவா என்று கேட்டான். கோட்டின் அழகு போய்விடும், வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, நல்ல வெயில். அவனை ஓடைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊதினேன். நரி ஒன்றும் வரவில்லை. அரைமணிக்கு மேல் ஆர்விட்டால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சரியாக அரைமணியில் காய்ந்த புல்லுக்குள் குனிந்தபடி என்னை நோக்கி வந்தான். கையை உயர்த்தி ஆட்டினான். அப்போது விலா நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் வந்து என் தோளில் கைவைத்தீர்கள். “மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, டெல்மர். அந்தக் கோட்டுல யாரப் பாத்தாலும் நரின்னுதான் நெனைப்போம். மனுசன அடிக்க நெனைக்கிறவன் இந்தச் சுண்டக்காத் தோட்டாவையா எடுப்பான்?” என்றீர்கள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விட்டது இரண்டு மாதமாக உறுத்துகிறது. அவனை அடிக்கத்தான் எடுத்தேன். பெரிய தோட்டா வீட்டில் இருக்கிறது. அது கோட்டைக் கெடுத்திருக்கும்.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன். ஆனால் நேற்று, விபத்து என்று முடிக்கும் தாளில் கையெழுத்துப் போட வந்தபோது, கோட்டு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஹீட்டர் பக்கத்தில் கிடந்தது. பை உள்ளே வேர்த்திருந்தது. தோலுக்குக் காற்று வேண்டாமா? உங்கள் உதவியாளரிடம் கேட்டேன். “கொலக் கேசுன்னா காயிதத்துல சுத்திக் குளிர் ரூம்ல தொங்க விடுவோம் பெரியவரே. இதுக்கு எதுக்கு?” என்று சிரித்தார்.

ஆகவே இது கொலை. தயவுசெய்து இன்றைக்கே அதைத் தொங்கவிடுங்கள். துளை இடது விலாவில் இருக்கிறது, தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

கோட்டுப் பாக்கெட்டில் இருந்த பொருள்களின் பட்டியலை அந்தத் தாளில் படித்தேன். பிரிக்காத பதினேழு காலிபர் தோட்டாப் பெட்டி ஒன்று. மேலே ஆர்விட் கையெழுத்தில் என் பெயரும் பிறந்தநாள் வாழ்த்தும். அது எனக்குச் சேரவேண்டியது. எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் இருந்ததில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.