எனக்கு வராத படர்தாமரை

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் மடியில் இரண்டு களிம்பு டியூப்கள்.

“எதுக்கு கண்ணு ரெண்டு?” என்றாள் மூத்தவள்.

“ஒண்ணு சரசுக்குங்க அக்கா. எம் புருசனோட படர்தாமரை எனக்கு வரல. அவளுக்கு வந்திருக்குது.”

மூத்தவள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். “எந்தச் சரசு?”

“பக்கத்து ஊட்டுக்காரிதான். அவரும் அவளும் ஒரே காட்டுலதான் வேலை.”

“அவளுக்கு நீ எதுக்கு மருந்து வாங்கற?”

“இவருக்கு இது ரெண்டாந்தடவைங்க. மறைஞ்ச பொறவும் உடாம களிம்பு போட்டேன். துணிமணியெல்லாம் வெந்நீல போட்டேன். அவளுக்கும் போட்டாத்தான் திரும்ப வராதுன்னு நர்சம்மா சொல்லிப்போட்டாங்க.”

“அதுக்குன்னு நீயே குடுப்பியா?”

“குடுக்கறதென்ன, நேத்து பழைய டியூப்ப எடுத்துட்டுப் போயி நானே தேச்சு உட்டேன். எங்கெங்க இருக்குதுன்னு பாக்கோணுமில்லீங்க.”

“எங்க இருந்துச்சு?”

“பொடனில, பின்கழுத்துல மட்டுந்தான். இவருக்கும் அங்கதான். மழைல அவரு கம்பளிய அவ தலைல போட்டு உட்டிருக்காரு. அதுல ஒட்டிக்கிட்டது.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “அவ்வளவுதானா? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற.”

இளையவள் இரண்டு டியூப்களையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“பதினோரு வருசமா நானும் இதே மழைலதான் நனையறேன். அந்தக் கம்பளி ஒருநாளும் எந்தலைக்கு வந்ததில்லீங்க அக்கா.”