ஒரு சாண் அளந்த கைக்கு ஒரு மடல்

தீயைத் தீண்டித் திரும்பிய திண்தோளரே! மணி ஒலித்த மறுகணம் மாடிப்படி மறந்து குழாய்த் தூணில் வழுக்கி வந்த வேகத்தின் மறுபெயரே! நசுங்கிய இரும்புக்குள் நடுங்கும் உயிரைத் தேடி நாற்பத்து மூன்று முறை நுழைந்து, நாற்பத்திரண்டு முறை அவ்வுயிரைக் கையில் ஏந்தி வெளிவந்த எங்கள் மீட்புப் படைத் தலைவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் காக்கியே மேனியாய், கடமையே மூச்சாய்க் கழித்து, இன்று மாலை ஐந்து மணிக்குக் கடைசி முறையாகக் கையெழுத்திட்டுக் கிளம்பவிருக்கும் எங்கள் சாண் அண்ணனே! தங்களுக்கு வணக்கம்.

இதற்கு மேல் நேருக்கு நேர் புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "போதும்டா, போயி வேலையப் பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவீர்கள். ஆகவே ஓர் உபாயம் செய்திருக்கிறோம். இனி வரும் பத்திகளில் தாங்கள் 'அவர்'. யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்து உட்கார்ந்து கேளுங்கள். முடிவில் மட்டும் உங்கள் பக்கம் திரும்புவோம்.

அவருக்குச் 'சாண் அண்ணன்' என்று பெயர் வந்தது அவருடைய கைவிரல்களால். நசுங்கிய காரில் சிக்கியவரை மீட்க, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? கூரையிலிருந்து விரலை விரித்து ஒரு சாண் கீழே அளப்பார்; சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்த எத்தனையோ கார்களில் அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார். கோட்டில் கட்டரை வைத்தால் தூண் இரண்டாகும்; நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "வெண்ணெய்!" என்று கத்துவோம். பதினான்கு ஆண்டுகள் அந்தக் கத்தல்தான் எங்கள் பயிற்சித் திடலின் பாட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் கை ஒரு சாணில் போய் நிற்கும்.

அந்தப் பெருமைதான் எமனாக வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முற்பகல் பதினொரு மணி. சாலைத் திருப்பத்தில் ஒரு லாரியின் பின்புறத்தில் செருகிக்கொண்டு நின்றது ஒரு புத்தம்புதிய கார். உள்ளே மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெண். வெள்ளை மேலங்கியின் பையில் பேனா செருகியபடியே இருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் இரும்புக்குள். நினைவு தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டே நிமிஷம்மா. கண்ண மூடாத. எங்கூடப் பேசிட்டே இரு."

ஒரு சாண் அளந்தார். கோடு போட்டார். கட்டர் கவ்வியது, உறுமியது, நின்றது. தூணில் ஒரு பல்லின் தடம் மட்டும். மறுபடி கவ்வியது. கட்டரின் அலகு ஓரத்தில் சில்லுப் பெயர்ந்து தெறித்தது. எதிர்ப்பக்கத் தூணுக்கு ஓடினோம். அங்கேயும் ஒரு சாண். அங்கேயும் அதே உறுமல், அதே மௌனம். யாரும் "வெண்ணெய்" என்று கத்தவில்லை.

வெயில் அந்தப் பெண்ணின் முகத்தில் நேராக விழுந்தது. அவள் மூச்சுக்குத் திணறினாள். அவர் உள்ளே தலையை நுழைத்துக்கொண்டு, "டேய் கொக்கு, விசிற ஏதாவது குடுடா" என்றார். கொக்கு என்பது எங்களில் கழுத்து நீண்டவனுக்கு அவர் வைத்த பெயர். கொக்கு கையை நீட்டி, உடைந்து தொங்கிய வெயில் மறைப்பின் பின்னாலிருந்து ஓர் அட்டையை உருவிக் கொடுத்தான். கெட்டி அட்டை. விசிறுவதற்கு வாகாக இருந்தது. இடது கையால் அவள் தலையைத் தாங்கியபடி, வலது கையால் அவர் விசிறிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் ஆகலையா?"

"ஆச்சும்மா, இதோ."

ஒன்பதாவது நிமிடத்தில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பதினோராவது நிமிடத்தில்தான் தூணை விட்டுவிட்டு, சங்கிலி போட்டு இழுத்து வழி உண்டாக்கினோம். மருத்துவமனை வாசலில் மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆறு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்."

விசாரணை வந்தது. மேலிடம் பரிவோடு எழுதியது: 'புதுவகை எஃகு. எவராலும் வெட்டியிருக்க இயலாது.' எங்களுக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. படித்தோம், மூச்சு விட்டோம், சோறு இறங்கியது. அவருக்கு இறங்கவில்லை. "எவராலும்னு எப்படித் தெரியும்? எவன் வெட்டிப் பாத்தான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் ஒரே கேள்விதான். வழி இருந்ததா, இல்லையா?

தெரிந்துகொள்ள ஒரு புதுக் கார் வேண்டும். வெட்டுவதற்கென்று எவர் கொடுப்பார்? அவர் கடிதம் எழுதினார். கார் செய்பவர்களுக்கு, விற்பவர்களுக்கு, காப்பீட்டுக்காரர்களுக்கு. நாற்பத்தொரு கடிதம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அவர் ஏறக்கூட இல்லை, சறுக்கிக்கொண்டே இருந்தார். "வழி இல்லேனு ஒரு தடவ என் கண்ணால பாத்துட்டா போதும்டா, நிம்மதியா ஓய்வு வாங்கிட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் சொல்வார்.

நாற்பத்தொன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. பதில் என்றால் காகிதமல்ல. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, நீளமான லாரியில் ஆறு கார்கள். கப்பலில் வந்தபோது உப்புத் தண்ணீர் பட்டதால் விற்க முடியாதவை. அதே மாடல். நிறம் மட்டும் வேறு. கூடவே தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர், பெண்.

அன்று திடலில் கல்யாணக் களை. கொக்கு ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு வண்டி வரல. மினி லாரியிலதான் ஏத்திட்டுப் போனாங்க. அண்ணே, சீட்டுல பிளாஸ்டிக் உறையே பிரிக்கல. இத வெட்டுனா பாவம் புடிக்கும்ணே."

"பாவம் ஏற்கெனவே புடிச்சாச்சு. கட்டர எடு."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தார். கூரையில் கட்டை விரலை ஊன்றி, சாணை விரித்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் பொறியாளர். "வெட்டறதுக்கு முன்னாடி அட்டையப் பாத்துக்கங்க."

"எந்த அட்டை?"

பொறியாளர் ஓட்டுநர் இருக்கையின் மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கினார். பின்னாலிருந்து ஓர் அட்டையை உருவி அவர் கையில் கொடுத்தார். மஞ்சள் கரை போட்ட கெட்டி அட்டை. காரின் படம்; சில இடங்களில் சிவப்புக் குறுக்குக்கோடு, சில இடங்களில் பச்சைக் கோடு.

"மேல ஒரு சாண்ல உள்ளுக்குள்ள கெட்டி இரும்பு வச்சிருக்கோம் சார், அங்க எந்தக் கட்டரும் இறங்காது. சீட்டு மட்டத்துக்குக் கீழ பச்சைக் கோடு போட்டிருக்கு பாருங்க, அங்க மெலிசு. மீட்க வர்றவங்களுக்காகத்தான் இந்த அட்டை."

"இது... எல்லா வண்டியிலயும் இருக்குமா?"

"இந்த மாடல்ல ஆரம்பத்துல இருந்தே இருக்கு சார். எப்பவும் வெயில் மறைப்புக்குப் பின்னாடிதான்."

அட்டையைப் பிடித்திருந்த அவருடைய வலது கை மட்டும் தானாக அசைந்தது. இப்படியும் அப்படியும், இரண்டு முறை. விசிறுவதுபோல.

எங்களுக்குப் புரிந்தது. பொறியாளருக்குப் புரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துச் சிரித்திருக்கிறோம். அதைக் கண்ணெதிரே காண நேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நாற்பத்தொரு கடிதம் எழுதித் தேடிய விடையை, அன்று விசிறிய நேரமெல்லாம் அவர் கையிலேயே வைத்திருந்தார்.

பச்சைக் கோட்டில் வெட்டினோம். மூன்று நிமிடம் நாற்பது நொடி. தூண் இரண்டாயிற்று. பழக்க தோஷம், பின்வரிசையில் யாரோ ஒருவன் "வெண்ணெய்!" என்று கத்திவிட்டான். கத்தியவன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். அவர் அருகிலிருந்த இரண்டாவது காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே பார்த்தோம். எண்சாண் உடம்பு ஒரு சாணாய்க் குறுகியிருந்தது.

மறுநாள் அவரே மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள். 'வழி இருந்தது. மீட்புக் குறிப்பு அட்டையை நானே எடுத்தேன். படிக்காமல் விசிறியாகப் பயன்படுத்தினேன். உடனிருந்த எவருக்கும் இதில் தொடர்பில்லை.'

கொக்கு ஓடினான். "அண்ணே, நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"

"அன்னிக்கு வெயில்ல உனக்கு ஞாபகம் கொழம்பிடுச்சு. போ, போயி ஹோஸ் பைப்பச் சுத்தி வை."

அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு கார்களை எங்களுக்கு வெட்டக் கற்றுத் தந்தார். மூன்று முப்பது. மூன்று இருபது. மூன்று பத்து. இரண்டு ஐம்பத்தைந்து. ஒவ்வொரு முறை நேரம் குறையும்போதும் நாங்கள் தேறினோம், அவர் தேய்ந்தார். போன வெள்ளிக்கிழமை ஆறாவது கார் மட்டும் மிச்சமிருந்தது. "இது எனக்கு" என்றார். சாணை விரித்தார், கூரையிலிருந்து ஒரு சாணில் கோடு போட்டார், தவறான அந்த இடத்திலேயே கட்டரை வைத்தார். பதினொரு நிமிடம். அலகு உடைந்தது. உள்ளே காலியான இருக்கையைப் பார்த்து அவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது: "ரெண்டே நிமிஷம்மா."

தடுக்க எங்களில் ஒருவனுக்கும் துணிவில்லை.

அண்ணனே! இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம். எழுந்துவிடாதீர்கள்.

இம்மடலை இப்போது மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருப்பவன் கொக்கு. அந்த அட்டையை உருவியவன் நான். அதில் கார் படம் போட்டிருந்ததைப் பார்த்தவனும் நான். ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். தங்கள் கண்கள் அப்போது அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு விலகவில்லை. ஆகவே அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்கு இன்னும் இருபது ஆண்டுச் சேவை மிச்சமிருக்கிறது என்பதற்காகத் தாங்கள் அறிக்கையில் ஒரு பொய் எழுதினீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் தாங்கள் எழுதிய ஒரே பொய். அதை இந்தச் சபையில், தங்கள் குடும்பத்தார் முன்னிலையில், உரக்கத் திருத்துகிறேன். நாளைக் காலை மேலிடத்துக்கும் எழுத்தில் போகும்.

இதனால் தங்கள் பாரம் குறையும் என்று நாங்கள் நம்பவில்லை. அந்தப் பெண் எழுந்து வரப்போவதில்லை. இனி இந்த நிலையத்தில் எந்த விபத்துக்குப் போனாலும், கட்டரைத் தொடுமுன் முதல் கட்டளை 'மறைப்பை இறக்கு' என்பதே. ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லும்போது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதை எவரும் சொல்லவில்லை என்பதும் சேர்ந்தே ஒலிக்கும்.

வழக்கப்படி, நூறாண்டு நோயின்றி வாழ்க என்று முடிக்க வேண்டும். எழுதி, அடித்துவிட்டோம். நூறாண்டு இதைச் சுமக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நேற்று அழைப்பிதழ் கொடுக்க வீட்டுக்கு வந்தபோது, அண்ணி எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு மெல்லச் சொன்னார்: "மூணு வாரமா தூக்கத்துலயும் அவர் கை ஆடுதுப்பா."

அந்தக் கைக்குத்தான் இம்மடல். ஓர் இரவேனும் அது அசையாமல் உறங்கட்டும். உறங்காவிட்டால், அண்ணனே, அந்தப் பாரத்தில் பாதி எங்களுடையது என்பதையாவது நினைவில் வையுங்கள்.

இங்ஙனம்,
அட்டையை எடுத்துக் கொடுத்த கொக்கு,
ஒரு சாணில் கட்டரைப் பிடித்த இருவர்,
சங்கிலி இழுத்த நால்வர்,
மற்றும் தங்களிடம் அளக்கக் கற்ற நிலையத்தார் அனைவரும்.