போய்ச் சேராத சரக்கு

– ஒண்ணு சொல்றேன், எழுதி வச்சுக்க ஜெபராணி. இந்தப் பூமியில குப்பைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. சேர வேண்டிய ஊருக்கு இன்னும் போய்ச் சேராத சரக்குதான் இருக்குது.

– எழுதி வச்சுக்கறனுங்க முதலாளி. வாசல்ல நிக்குதே கண்டெய்னர் லாரி, அந்தச் சரக்கு எங்க போயிட்டு வந்துதுங்க?

– அது மலேசியா போயிட்டு வந்துது.

– சுத்திப் பாத்துட்டு வந்துட்டதாட்ட இருக்குதுங்க.

– நக்கலு! இந்தத் தம்பிதுரை இந்தக் கணபதி ஊர்ல பிளாஸ்டிக் குடோன் போட்டு பதினாறு வருசம். மொதல்ல சீனாக்காரன் வாங்கினான். பொறவு வேண்டாம்னு கதவைச் சாத்தினான். நான் அழுதனா? அடுத்த ஊரு பாத்தேன். அவனும் சாத்தினான். அதுக்கடுத்த ஊரு பாத்தேன்.

– இப்பங்க?

– இப்ப மேப்புல ஊரு தீந்துபோச்சு.

– இதைச் சொல்லத்தானுங்களா கூப்பிட்டு உட்டீங்க? ஊட்டு வேலையப் போட்டது போட்டபடி துடியலூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வாரேன்.

– சித்தெ உக்காரு அம்மணி. கருமத்தம்பட்டியில ஒரு மில்லு. தண்ணி பாட்டில அரைச்சு, உருக்கி, நூலாக்கறாங்க. பஸ்ல போற தூரம்! நான் பதினாறு வருசமாக் கப்பல்ல அனுப்பிச்சிட்டிருந்தேன்.

– பக்கத்துல இருக்கறது தெரியலீங்களா?

– தெரியும். அவங்க கேக்கற சுத்தம் நம்மளுக்கு ஆகாதுன்னு உட்டுட்டேன். மூடி கழட்டோணும், லேபிள் உரிக்கோணும், வேற ரகப் பிளாஸ்டிக் ஒண்ணுகூடக் கலக்கக் கூடாது. சம்பந்தி ஊட்டுல கூட இத்தனை கேக்க மாட்டாங்க.

– சாம்பிள் அனுப்பிச்சீங்களா?

– போன வாரம் அனுப்பிச்சேன். வேற ரகம் கலந்திருந்தா உருக்கறப்பக் கருகிப்போகுதாம். நூல்ல கருப்புப் புள்ளி உழுகுதாம்.

– நம்ம சரக்குல எத்தனை புள்ளிங்க?

– புள்ளிக்கு நடுவால கொஞ்சம் நூல் இருந்துதுன்னாங்க.

– பண்டலுக்குள்ள என்னதானுங்க போட்டீங்க?

– வழக்கம்போலத்தான். சுத்தியும் நல்ல பாட்டிலு. உள்ளுக்குள்ள மத்த எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டு மெசின்ல ஒரே அமுக்கு. எங்கப்பன் தக்காளிக் கூடை கட்டற முறை. மேல பழம், கீழ காயி.

– திரும்பி வந்த சரக்கைப் பிரிச்சுப் பாத்தீங்களா?

– ஒரு பண்டல் பாத்தேன்.

– என்னங்க இருந்துது?

– எண்ணெக் கேனு. ஒடைஞ்ச வாளி. ஒரு சோடி செருப்பு.

– யாரு செருப்புங்க?

– என்னுது. ஆடி மாசத்துல இருந்து தேடிட்டிருந்தேன்.

– கடல் தாண்டிப் போயிட்டு வந்த செருப்புங்க. பத்தரமா வச்சுக்குங்க.

– வெளையாடாத அம்மணி. இன்னைக்கு மூணு மணிக்கு மில்லுல இருந்து கௌதமன்னு ஒருத்தர் வாராரு. பிரிச்சு வச்ச குவியல்ல கைய உட்டுப் பாப்பாராம். தேறுச்சுன்னா மாசாமாசம் நம்ம சரக்க எடுத்துக்குவாங்க. தேறலீன்னா குடோனே இல்லை. வாடகை பாக்கிக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு இடத்துக்காரரு. இத்தனையவும் தூக்கிட்டு நான் எங்க போறது?

– அதுக்கு நான் வரோணுமுங்களா?

– நீயும், உங்கூடப் பிரிச்சுட்டிருந்த ஆறு பேரும்.

– எங்கள எதுக்குங்க நிறுத்தினீங்க?

– கப்பலேறிப் போற சரக்குக்குப் பிரிப்பு எதுக்குன்னு நிறுத்தினேன்.

– அது பொறவுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னீங்க. நான் பாட்டிலக் காதோரம் வச்சு அமுக்கிப் பாத்துட்டிருந்தேன். நல்ல பாட்டிலுன்னா சடசடங்கும், வேற ரகம் மொத்துனு இருக்கும். நீங்க லோடு ஏத்தறவங்களையெல்லாம் கூப்பிட்டு, ‘பாருங்கடா, ஜெபராணிக்குப் பாட்டில்ல போன் வந்திருக்குது’ன்னீங்க.

– சிரிக்கறதுக்குச் சொன்னது அம்மணி.

– சிரிச்சாங்க. அடுத்த நாள்ல இருந்து நாங்க பாட்டிலத் தூக்கினாப் போதும், அக்கட்டால இருந்து ‘ஹலோ’ம்பாங்க. எங்கூடப் பிரிக்கற லோகப்பிரியா அழுதே போட்டா.

– நீயே சொல்லு, நாயத்தைச் சொல்லு. காதுல வச்சுக் கேக்கறதுக்கு அதென்ன சங்கா? உலகமே மெசினுக்குப் போயாச்சு.

– அப்ப மெசினையே கூப்பிடுங்க முதலாளி. நான் போயிட்டு வாரேன்.

– ஏய், நில்லு, நில்லு! கோவத்தப் பாரு. மணி ஒம்பதாச்சு அம்மணி. என்ன வேணும், சொல்லு.

– ஆறு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரி வாசல்ல நிக்கறாங்க.

– வந்தாச்சா! அப்பறமென்ன, வரச் சொல்லு.

– வருவாங்க. எங்ககூட நீங்களும் உக்காந்து பிரிக்கோணும்.

– நானா?

– உங்களுக்குன்னு ஒரு குவியல். எங்க கை அதுல படாது.

– நான் உக்காந்து என்னாகப் போகுது?

– முதலாளியே உக்காந்திருக்கறப்ப ஒருத்தனும் ‘ஹலோ’ங்க மாட்டானுங்க.

– வெளிய தெரிஞ்சா மானம் போயிரும் ஜெபராணி.

– கதவச் சாத்திக்கலாமுங்க. உங்களுக்குச் சாத்தின கதவு புதுசுங்களா? லோகப்பிரியா, எல்லாரும் உள்ள வாங்க! முதலாளி, அந்தச் சாக்க விரிச்சு மூலைல உக்காருங்க. மூடி இந்தக் கூடைல, லேபிள் அந்தக் கூடைல.

– சரி. ஆனா காதெல்லாம் ஆகாது. நான் கண்ணாலயே கண்டுபிடிச்சிருவேன். பதினாறு வருசம்!

– சரிங்க முதலாளி.

– இது நல்ல பாட்டிலு. இதுவும் நல்ல பாட்டிலு. பாத்தியா, எத்தனை சுளுவு!

– ரெண்டாவது வேற ரகமுங்க.

– ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குது?

– கண்ணுக்கு அப்படித்தானுங்க இருக்கும்.

– …அந்தப் பக்கம் திரும்பிக்க.

– நான் பாக்கலீங்க. என் குவியலு எனக்கு.

– லோகப்பிரியாவையும் திரும்பச் சொல்லு.

– லோகு, முதலாளியப் பாக்காத. மூணு மணிக்குள்ள முடியோணும், கைய ஓட்டு.

– வணக்கமுங்க. சொன்னபடி மூணு மணிக்கு மில்லுல இருந்து வந்திருக்கறேன், கௌதமன். கதவைத் தட்டினேன், சத்தமே இல்லை, தள்ளிட்டு வந்துட்டேன்.

– வாங்க சார். இந்த ஏழு குவியலும் தயாருங்க. எதுல வேணும்னாலும் கைய உடுங்க.

– ம்… ம்… அட, ஒண்ணுகூடக் கலப்பில்லியே. போன வாரம் சாம்பிள் அனுப்பினது இதே குடோன்தானுங்களா?

– இதேதானுங்க. அப்ப நாங்க இல்லை.

– இது போதுமுங்க, நாளைக்கே வண்டி அனுப்பறோம். முதலாளியப் பாத்துச் சொல்லிப்போட்டுக் கெளம்பறேன். அந்த மூலைல சாக்கு மேல இருக்கறவருங்களா? காதுல வச்சுட்டிருக்கறாரே, யாரோடயோ முக்கியமாப் பேசறாராட்ட இருக்குது. போன் முடியட்டும், நிக்கறேன்.

– போன் இல்லீங்க சார், பாட்டிலு. சித்தெ சத்தம் போடாம நில்லுங்க. அவருக்கு இன்னும் காது பழகலை.